காண மறுக்கும் கண்கள்

உறங்குகிறவனை எழுப்பிவிடலாம், உறங்குவதுபோற் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பது நம்மவர் பழமொழி. காணாமையிலும் இவ்விரு வகை உண்டு. இருளிலே நிற்பவன் காணாதது இயற்கை. அவனுக்கு விளக்கொன்று போதும். பட்டப்பகலிலே, தன் வீட்டு முற்றத்திலே நடப்பதைக் காணாதவனுக்கோ எத்தனை விளக்கு ஏற்றினும் பயனில்லை. கண்டால் தனக்கு நேரக்கூடிய இழப்பை அவன் முன்னரே கணக்கிட்டு வைத்திருக்கிறான். அவனுடைய பார்வையின்மை, பாடுபட்டுத் தேடிக்கொண்ட பார்வையின்மை. இந்நோய் தனிமனிதனைப் பீடிப்பது போலவே ஒரு சமூகத்தையும் பீடிக்கும். கரவெட்டியிலிருந்து எழுதும் நாம், நம்மவரைப் பீடித்துள்ள இந்நோயைக் குறித்தே இவ்வாரம் எழுதத் துணிகிறோம்.

இந்நோயின் இயல்பைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முள்ளிவாய்க்காலில் முடிந்தபோது, குடிமக்களுக்குச் சேதமே நேராதபடி நடத்தப்பட்ட மனிதாபிமான நடவடிக்கை அது என்று அரசாங்கம் உலகறியப் பறைசாற்றியது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவோ, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்று 2011இல் வெளியான தன் அறிக்கையிலே கூறிற்று. தென்னிலங்கையிற் கற்றோருள்ளும் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அதைப் பற்றிப் பேசுவதையே துரோகமெனக் கருதினர். அவ்வாறு மறுத்தோர் யாவரும் கொடியவர் அல்லர். தம் பிள்ளைகளிடத்து அன்பும் அயலாரிடத்து இரக்கமும் உடையவரும் அவருள் உளர். தம்மவர் இத்தகைய தீங்கு செய்யார் என்னும் நம்பிக்கையை இழக்க அவர்கள் அஞ்சினர். அந்த அச்சமே அவர்தம் கண்களை மூடியது.

‘எங்கள் புண்ணைப் பாருங்கள்’ என்று ஜெனீவாவிலும் பிற தலைநகரங்களிலும் நாம் கேட்டு வருகிறோம். கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அவ்வுரிமையை ஒருபோதும் விட்டுக்கொடோம். ஆயினும், பிறரைக் காணச் சொல்லும் மக்கள் தம் கைகளினால் விளைந்த புண்ணைத் தாமே காண்கின்றனரா என்ற கேள்வி எழாமல் இராது. அக்கேள்வியை எதிரி கேட்பதற்கு முன்னர் நாமே கேட்டுக்கொள்வது மானமுள்ள மக்களுக்கு அழகு.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தென்மராட்சியிலே வரணிப் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில் ஒன்றின் தேர்த்திருவிழாப் படங்கள் வெளிவந்தன. அங்கே தேரை இழுத்தவை மனிதக் கைகள் அல்ல. மண் அகழும் இயந்திரம் ஒன்று இழுத்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் வடத்தைத் தொடலாகாது என்பதற்காகவே இயந்திரம் கொணரப்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அப்பொழுது நம்மவர் வாயிலிருந்து எழுந்தவை யாவை? ‘யாழ்ப்பாணத்தில் இப்போது சாதி எங்கே இருக்கிறது?’ என்றனர் சிலர். ‘ஊரிலே இளைஞர் குறைந்துவிட்டனர், அதனாலே இயந்திரம்’ என்றனர் வேறு சிலர். ‘இதைப் படமெடுத்து வெளியிட்டவனே குற்றவாளி’ என்று சினந்தோரும் உளர். தேர் ஊர்ந்தது எல்லார் கண்ணுக்கும் முன்னே. அதை இழுத்தது எது என்பதும் கண்முன்னே நின்றது. அதற்குரிய காரணத்தைக் காண்பதற்கு மட்டும் கண்கள் இல்லாது போயின.

படிப்பு இந்நோய்க்கு மருந்தாகும் என எண்ணுவோர் வியன்னா நகரத்து வரலாற்றை நினைவுகூர்தல் நலம். 1847ஆம் ஆண்டில் அந்நகரின் பெரிய வைத்தியசாலையிலே இக்னாஸ் செமல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவித்த தாய்மார் காய்ச்சலினால் மடிவதன் காரணத்தைக் கண்டறிந்தார். பிணங்களை அறுத்து ஆராய்ந்த வைத்தியரும் மாணவரும் அதே கையுடன் பிரசவ விடுதிக்குச் சென்றனர். மரணம் அவர்தம் கைகளில் ஏறிச் சென்றது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கைகளைக் கழுவச் செய்தார் அவர். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த இறப்பு நூற்றுக்கு இரண்டளவாக வீழ்ந்தது. எனினும் அக்காலத்துப் பெருவைத்தியர் பலர் அவ்வுண்மையை ஏற்றிலர். ஏற்பின், தாம் காப்பாற்ற முயன்ற தாய்மாரைத் தம் கைகளே கொன்றன என்று ஒப்பவேண்டிவரும். அதனினும், உண்மையை மறுப்பதே அவர்களுக்கு எளிதாயிற்று. 1865இல் செமல்வைஸ் மனநோய் விடுதியொன்றில் மாண்டார்.

இவ்வரலாற்றிலே நாம் சிந்திக்கத்தக்க செய்தி இன்னுமொன்று உண்டு. வைத்தியர் கவனித்த முதலாம் விடுதியிலே இறப்பு மிகுதி என்பதையும், மருத்துவிச்சியர் கவனித்த இரண்டாம் விடுதியிலே குறைவு என்பதையும் வியன்னா நகரத்து ஏழைப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் விடுதியில் தம்மைச் சேர்க்க வேண்டாமென அவர்கள் மன்றாடினர். பேராசிரியர்கள் காணாததை ஏழைத் தாய்மார் கண்டனர். அநீதியைச் சுமப்பவருக்கு அதனைக் காணாதிருக்கும் வசதி கிடைப்பதில்லை. நம்மூரிலும் சாதி இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் வடம் பிடிக்கும் உரிமை உடையவருக்கே எழுகின்றது. அவ்வுரிமை மறுக்கப்பட்டவருக்கு அத்தகைய ஐயம் ஒருநாளும் எழுந்ததில்லை.

உளநூலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் பெருவெள்ளத்தால் உலகம் அழியும் என்று அமெரிக்காவிலே ஒரு சிறு கூட்டத்தார் நம்பியிருந்தனர். லியோன் பெஸ்ரிங்கர் என்னும் உளநூல் அறிஞரும் அவர்தம் துணைவரும் அக்கூட்டத்தினுள் இருந்தே அதனை ஆராய்ந்தனர். நாளும் வந்தது, வெள்ளம் வரவில்லை. நம்பிக்கையைக் கைவிட்டார்களா எனின், இல்லை. தம் பக்தியினாலேயே உலகம் தப்பியது என்று கூறி, முன்னரிலும் ஊக்கமாகப் பிரசாரம் செய்யலாயினர் என அவ்வாய்வாளர் எழுதினர். ஒருவன் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணமும் அவன் கண்முன் நிற்கும் உண்மையும் மோதும்போது மனத்திலே தாங்கொணாத முரண் எழுகின்றது; எண்ணத்தைத் திருத்துவது கடினமாதலின் உண்மையையே அவன் திருத்திக்கொள்கிறான் என்று பெஸ்ரிங்கர் 1957இல் வெளியிட்ட நூலிலே விளக்கினார். ‘நாம் நல்லவர், நாம் ஒடுக்கப்பட்ட இனத்தவர்’ என்பது நம் எண்ணம். ‘நாமும் ஒடுக்குகிறோம்’ என்பது கண்முன் நிற்கும் உண்மை. இரண்டும் ஒரே மனத்திலே அமைதியாக வாழமாட்டா. ஆகவே ஒன்றை வெளியேற்றுகிறோம்.

அதே 1957ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பாராளுமன்றம் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று என்பதும் கருதத்தக்கது. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களிலிருந்து விலக்குவது அன்றுமுதல் குற்றமாயிற்று. சட்டம் திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. நம்மிடையே எச்சரிக்கை செய்தோர் எக்காலத்தும் இருந்தனர். 1914இலேயே, பள்ளிக்கூடக் கதவு அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நம் வடமராட்சியிலே தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை நிறுவினார் கா. சூரன் அவர்கள். 1920களிலே யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தீண்டாமையை ஒழிப்பதாக உறுதிபூண்டது. 1927இல் அதன் அழைப்பை ஏற்று வந்த காந்தியடிகள் யாழ்ப்பாண மண்ணிலே நின்று தீண்டாமையைக் கண்டித்தார். பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சரிசமமாக அமரவேண்டும் என்ற ஆணை வந்த காலத்தில், அதனைப் பொறாதார் சில பள்ளிகளைத் தீக்கிரையாக்கினர். பிள்ளை ஒன்று வாங்கில் அமர்வதைக் காணச் சகியாது பள்ளியையே எரித்த கைகளும் தமிழ்க் கைகளே.

1966 அக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலீசாரின் குண்டாந்தடிக்கு இலக்காயிற்று. தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் பரவியது. நம் கரவெட்டியிலே கன்பொல்லை மக்கள் அப்போராட்டத்தில் முன்னணியில் நின்றனர். 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே செல்ல அனுமதி வேண்டி நின்றபோது, அவர்களை மறித்து நின்றவர் யார்? கணிதப் பேராசிரியராக விளங்கியவரும், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவருமான சி. சுந்தரலிங்கம் அவர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவ்வழக்கு இங்கிலாந்துக் கோமறைக் கழகம் வரை சென்றது. ஒக்ஸ்போர்ட்டிலே கற்ற கணிதமும் கோயில் வாசலில் நின்ற மனிதனை மனிதனாக எண்ணிக் கூட்டத் துணைசெய்யவில்லை. அக்காலத் தமிழ்த் தலைமைகளும் நேரே தலையிடத் தயங்கின. ஆதிக்கம் உடையோரின் வாக்கும், ஒற்றுமை என்னும் சொல்லும் அவர்தம் கண்முன் திரையாக நின்றன.

இனி, இன்றைய நாளில் நம்மவர் இவ்வுண்மையைத் தவிர்க்கக் கையாளும் வழிகளைப் பார்ப்போம். அவை நான்கு வகைப்படும்.

முதலாவது, ‘அது பழங்கதை’ என்பது. டானியல் அவர்கள் ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிய காலம் கழிந்துவிட்டது என்பர். தேநீர்க்கடையிலே தனிக் குவளை ஒழிந்தது உண்மை. அதைப் போராடி ஒழித்தவருக்கு அப்பெருமை உரியது. ஆயினும் மணமகன் தேவை, மணமகள் தேவை என்னும் விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பட்டதாரிகளுக்கு, கிராமத்தின் பெயரும் குலத்தின் பெயரும் இன்றும் தேடப்படுகின்றன. பனிக்கட்டி உறையும் தேசத்திற்கும் நாம் கொண்டுசென்ற பொதியிலே இது பத்திரமாகப் போயிருக்கிறது.

இரண்டாவது, ‘இது சமயமன்று’ என்பது. 1956இலே தனிச் சிங்களச் சட்டம் வந்தபோதும் சமயமன்று, 1968இலும் சமயமன்று, ஆயுதப் போராட்டக் காலத்திலும் சமயமன்று. அப்போராட்டக் காலத்திலே சாதியைப் பற்றிப் பேசுவது அடங்கிற்று. பேச்சு அடங்கியதை வழக்கம் அடங்கியதாக நாம் எண்ணிக்கொண்டோம். யுத்தம் முடிந்த பின்னரும் சமயமன்று என்கின்றனர். ஒருபோதும் வாராத சமயத்திற்காகக் காத்திருக்கச் சொல்வது, வேண்டாம் என்று சொல்வதன் நாகரிகமான வடிவமேயாகும்.

மூன்றாவது, ‘பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகும்’ என்பது. நம் பிளவைப் பிறர் பயன்படுத்துவர் என்பது மெய்யே. ஆனால் அவர் பயன்படுத்துவது பிளவை, பேச்சை அன்று. புண் இருக்கும்வரை அதிலே விரல் வைப்பவன் வருவான். புண்ணை ஆற்றுவதே அவன் விரலைத் தடுக்கும் வழி.

நான்காவது, ‘நான் எவரிடமும் வேற்றுமை பாராட்டுவதில்லை’ என்பது. இதனைக் கூறுவோரிற் பெரும்பாலோர் உண்மையே கூறுகின்றனர்; நல்ல மனிதரே அவர்கள். எனினும் தனிமனிதனின் நற்குணம் வேறு, ஊரின் அமைப்பு வேறு. கோயில் நிருவாக சபையில் யார் இருக்கிறார், காணி யார் பெயரில் இருக்கிறது, மயானம் யார் வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பவற்றை நம் இன்சொல் மாற்றிவிடுவதில்லை. 2017இலே புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தம் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிக்கப்படுவதை எதிர்த்துப் பலநாட் போராட்டம் நடத்தினர். தம் சமையலறை வாயிலில் சிதைப்புகை நுழைவதை விரும்பாத நம்முள் எத்தனை பேர் அவர்களோடு சென்று அமர்ந்தோம்?

காண மறுப்பதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் கருதுக. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரவர், யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் கோணாப்புலம் போன்ற முகாம்களில் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தனர். வசதி உடையோர் வேறிடங்களில் காணி வாங்கினர். உறவு உடையோர் உறவினர் வீடு சென்றனர். பிறநாடு சென்றோரும் உளர். முகாமிலே எஞ்சியோரிற் பெரும்பாலோர் நிலமற்றோரும், கடற்றொழிலாளரும், ஒடுக்கப்பட்ட சமூகத்தவருமாவர். காணிகளைப் பிடித்து வைத்திருந்தது இராணுவம். அதனை நாம் கண்டித்தோம், நன்று. அயலூர்களிலே வெறுமையாய்க் கிடந்த காணிகளை அவர்களுக்கு விற்க மனமின்றி வைத்திருந்தவர் யார்? அக்கேள்வியை முகாம் வேலிக்கு வெளியே கேட்டோர் மிகச் சிலரே. ஒரே துன்பத்தின் ஒரு பாதியை உரக்கப் பேசி, மறுபாதியை விழுங்கிவிட்டோம்.

கமக்காரர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் குடாநாட்டின் நன்னீரிற் பெரும்பகுதி சுண்ணக்கற் பாறையின் பிளவுகளிலே தங்கும் மழைநீர். மேலே வேலிகளை எத்தனை அடைப்பினும் கீழே நீர் வேலி அறியாது. ஒருவர் தோட்டத்தில் இட்ட உரம் அடுத்தவர் கிணற்றில் ஊறுகின்றது. ஆயினும் ஒருகாலத்தில் அந்நீரைத் தாமே அள்ள உரிமையின்றி, குடத்தோடு கிணற்றடியிலே காத்து நின்றவர் நம் அயலவர். கண்ணாடிபோற் தெளிந்த நீரிலும் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிக் கரைந்திருக்கலாம் என்பதை இன்று நாம் அறிவோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்த கிணறுகள் யாழ்ப்பாணத்தில் உள்ளன. ‘என் கிணற்று நீர் தெளிவாகவே இருக்கிறது’ என்று கூறுவதனால் நீர் நன்னீராகிவிடுவதில்லை. அள்ளிச் சோதித்தல் வேண்டும். சமூகத்தின் ஊற்றும் அத்தகையதே. மேலே தெளிந்து தோன்றுவது கொண்டு அடியில் கரைந்துள்ளதை இல்லை என்றல் பேதைமை.

கற்றோர்க்கும் ஒரு சொல். வைத்தியர் நோயாளியிடம் கசப்பான உண்மையைக் கூறத் தயங்குவதில்லை. சட்டத்தரணி தன் கட்சிக்காரனின் வழக்கிலுள்ள பலவீனத்தை முதலில் தேடுகிறான். கணக்காய்வாளன் மறைக்கப்பட்ட செலவையே நாடுகிறான். தொழிலிலே நாள்தோறும் கையாளும் இவ்வொழுக்கத்தை ஊர்க் கோயிலின் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுச் செல்வது ஏன்? இம்மண்ணிலே பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் யாழ்ப்பாணச் சமூகத்தை ஆராய்ந்தபோது சாதியமைப்பை ஓரத்தில் ஒதுக்காது நடுவிலே வைத்து ஆராய்ந்தார். தன் ஊரை நேசிப்பவனே தன் ஊரைக் கூர்ந்து நோக்குவான் என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

ஆகவே, வெறும் உபதேசத்தோடு அமையாது, செய்யத்தக்கன சிலவற்றை நாம் முன்வைக்கிறோம். கோயில் நிருவாக சபைகள் தம் யாப்பை வெளியிட்டு, ஊரிலுள்ள வழிபடுவோர் எவரும் அங்கத்தவராகவும் உபயகாரராகவும் ஆகலாம் என்பதை எழுத்திலே உறுதிசெய்க. அடுத்த தேர்த்திருவிழாவிலே வடம் எல்லார் கையிலும் செல்லட்டும். பிறநாடுகளிலிருந்து கோயிற் திருப்பணிக்குப் பணம் அனுப்புவோர், பணத்தை அனுப்புமுன் இவ்வொரு கேள்வியைக் கேட்க. அவர்தம் கேள்விக்கு உள்ள வலிமை நம் தலையங்கத்துக்கு இல்லை. காணி விற்போர், வாங்குவோனின் பணத்தை எண்ணுக, குலத்தை எண்ணற்க. வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபை, வீதியும் குழாய்நீரும் மயானமும் எந்தக் குறிச்சிக்கு எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதைக் குறிச்சி குறிச்சியாக அட்டவணைப்படுத்தி மக்கள் முன் வைக்க. அட்டவணைக்குச் சாதி தெரியாது. ஆனால் அது சாதியைக் காட்டிக்கொடுக்கும். ஆசிரியர்கள், தேவரையாளி ஏன் தோன்றிற்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்க. எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் கதையை அவர்களுக்கு நாம் கூறுகிறோம். எரிக்கப்பட்ட நம்மூர்ப் பள்ளிகளின் கதையையும் அவர்கள் அறிய வேண்டாமா?

இவை செய்வதனால் நம் அரசியற் கோரிக்கை தளருமென அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம். சுயாட்சி கேட்பது எதற்காக? நம்மை நாமே ஆளும் தகுதி நமக்கு உண்டு என்பதற்காக. தன்னைத் தான் காணவல்ல மக்களுக்கே அத்தகுதி முழுமையாக அமையும். கிணற்றையும் கோயிலையும் காணியையும் தம்முள்ளே நீதியாகப் பங்கிட்டுக்கொண்ட மக்கள் ஒரு நாட்டிலே தம் பங்கைக் கேட்கும்போது அக்குரலுக்கு உள்ள கனம் வேறு. அப்போது கொழும்பும் உலகமும் நம்மை நோக்கிச் சுட்ட ஒரு விரலும் மிஞ்சாது.

கன்பொல்லையிலும் மாவிட்டபுரத்திலும் நின்றவர்கள் நம்மிடம் தானம் கேட்டாரல்லர். உள்ளதை உள்ளவாறு காணுங்கள் என்றே கேட்டனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கேள்வி நம் வாசலில் நிற்கின்றது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைப்பது தமிழர் பண்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்பண்பு மெய்யாயின், கதவைத் திறப்போமாக. முதலிற் கண்ணைத் திறப்போமாக.